மின்கம்பத்தில் அல்போன்சம்மா

பாண் வாங்கப் போன வழியில் மரியதாசன் தன் மனைவியின் முகத்தை மின்கம்பத்தில் கண்டார். கண்டதும் வலது கை தானாக நெற்றிக்குப் போயிற்று. சிலுவை அடையாளம் போட்டு முடித்த பிறகுதான், அரை மணித்தியாலத்துக்கு முன் தனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தவள் அவள் என்பது நினைவில் தட்டியது.

அது 2022 செப்டெம்பர். கியூபெக் மாகாணத் தேர்தலுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. மொன்ட்ரியால்-நோரில் ஒரு கம்பமும் மிச்சமில்லாமல் வேட்பாளர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரதீசனின் பலசரக்குக் கடைக்கு முன்னால் நின்ற கம்பத்தில் நாலு முகங்கள் ஏற்கெனவே இருந்தபடியால் ஐந்தாவதைக் கீழே கட்டியிருந்தார்கள். சிவப்புப் பின்னணி. ஞாயிறு பூசைக்குப் போடும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. காதில் சின்னத் தோடு. அல்போன்சம்மா பல் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே கட்சியின் பெயர் பிரெஞ்சில் இருந்தது. அந்தப் பெயரில் 'கம்யூனிஸ்ட்' என்ற சொல்லைத்தான் அச்சகக்காரன் எல்லாவற்றிலும் பெரிதாகப் போட்டிருந்தான்.

மரியதாசனுக்கு அறுபத்துமூன்று வயது. திருகோணமலைக்காரர். டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் பெட்டி தூக்கி, முதுகு இனி ஏலாது என்று சொன்ன பிறகு ஓய்வெடுத்தவர். தமிழ்க் கத்தோலிக்கப் பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையதுதான். அவர் வளர்ந்த ஊரில் ஒருவருடைய முகம் மின்கம்பத்தில் வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தந்தான் இருந்தது. அவருடைய அண்ணன் றெக்ஸ் மீனவர் சங்கத்துக்காக ஒரு இரவு முழுக்கச் சுவரொட்டி ஒட்டினான். மூன்று கிழமை கழித்து அவனுடைய முகமே கறுப்புக் கரை போட்ட தாளில் அதே சுவர்களில் இருந்தது. யார் செய்தது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

பாண் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினார். அல்போன்சம்மா குசினி மேசையில் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேர், உம்மட படத்தை ரதீசன்ர கடைக்கு முன்னால கட்டியிருக்கிறாங்கள்."

"கட்டியாச்சே? நாளைக்கு எண்டெல்லோ கட்சியில ஜினேத் சொன்னவ. வடிவாய் இருக்கோ?"

"நான் சிலுவை போட்டிட்டன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். முதலில் தோள்கள் குலுங்கின, பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சேலைத் தலைப்பு இல்லாததால் போஞ்சிக்காய்த் துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். மரியதாசன் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து இருந்தார்.

"கழட்டச் சொல்லும்."

அப்போதுதான் அவள் அவருடைய முகத்தைச் சரியாகப் பார்த்தாள். எழுந்து வந்து பக்கத்தில் இருந்தாள்.

"றெக்ஸ் அண்ணையை நினைச்சனீங்கள், என்ன?"

அவர் மேசையில் சிந்திக்கிடந்த போஞ்சிக்காயைப் பொறுக்கித் தட்டில் போட்டார்.

"இஞ்சை படம் கட்டினால் என்ன செய்வாங்கள் தெரியுமே? மீசை கீறுவாங்கள். அவ்வளவுதான். நான் கழட்டமாட்டன். ஆனா நீங்கள் பயப்பிடுறதைப் பிழை எண்டும் சொல்லமாட்டன்."

முப்பத்திரண்டு வருடக் கலியாணத்தில் அவள் எதையும் கத்திச் சொன்னதில்லை. சொன்னதை மாற்றியதும் இல்லை. மரியதாசன் திரும்பவும் பாண் வாங்கப் போனார், இந்த முறை அடுத்த தெருவால்.

தன் பெண்சாதி ஒரு கம்யூனிஸ்ட் என்பது மரியதாசனுக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்ததை அவர் வேறு பெயர்களால் அழைத்துவந்தார். 'சங்க வேலை' என்பார். 'அந்தப் பேப்பர் அலுவல்' என்பார். யாராவது நேரே கேட்டால், "அவவுக்கு எழுத்தில ஒரு விருப்பம்" என்று சொல்லிவிட்டுக் காலநிலையைப் பற்றிக் கதைப்பார்.

அந்தப் பேப்பர் அலுவல் தொடங்கியது அவர்கள் கனடாவுக்கு வந்த 1993ஆம் வருடப் பனிக்காலத்தில். அரசாங்கம் புதிதாக வந்தவர்களுக்கு நடத்திய பிரெஞ்சு வகுப்பில் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். மரியதாசன் 'போன்ஜூர்', 'மெர்சி', 'பெட்டி எங்கே' என்ற அளவில் திருப்தியடைந்து வேலைக்குப் போய்விட்டார். அல்போன்சம்மா விடவில்லை. வகுப்பு முடிந்த பிறகும் கண்ணில் பட்ட பிரெஞ்சு எழுத்தையெல்லாம் வாசித்தாள். பால் பெட்டி, மருந்துப் போத்தல், மெற்றோவில் ஒட்டிய விளம்பரம். விலை கொடுத்துப் பத்திரிகை வாங்க மனம் வராத காலம் அது. ஆனால் ஆன்றி-பூராசா மெற்றோ நிலைய வாசலில், தபால்காரர் அணியும் நீல மேலங்கியோடு ஒரு பெண் வியாழக்கிழமைகளில் நாலு பக்கப் பத்திரிகை ஒன்றைச் சும்மா கொடுத்துக்கொண்டு நிற்பாள். பத்திரிகையின் பெயர் 'லே தூ மேன்', இரண்டு கைகள் என்று அர்த்தம். வசனங்கள் சின்னனாக இருந்ததால் அல்போன்சம்மா அதை எடுத்தாள். அது எந்தக் கட்சியின் பத்திரிகை என்பதைக் கவனிக்க அவளுக்கு ஒரு வருடம் எடுத்தது. அதற்குள் அவளுக்கு அது பிடித்துப்போயிருந்தது.

அந்த நேரம் அவளுக்கு டோர்வலில் வேலை கிடைத்தது. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு கம்பனி. குளிர் அறையில் நின்று, ஓடும் பட்டியில் வரும் தட்டுகளில் ஒரு சின்ன வெண்ணெய்க் கட்டியும் ஒரு சலாட்டும் வைப்பது அவளது வேலை. ஒரு நாள் 'லே தூ மேன்' அந்தச் சமையற்கூடங்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. வேலைக்காரர்மேல் இரக்கப்பட்டு எழுதிய கட்டுரைதான். ஆனால் எழுதியவர் குளிர் அறையைக் கண்ணால் கண்டதில்லை என்று அல்போன்சம்மாவுக்கு இரண்டாவது பந்தியிலேயே விளங்கிவிட்டது. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் இருந்து ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினாள்.

"உங்கள் கட்டுரையில் எங்கள் கைகளுக்குக் கதகதப்பான கையுறை போட்டிருக்கிறீர்கள். மிக்க நன்றி. கம்பனி இன்னும் போடவில்லை."

அடுத்த வியாழக்கிழமை கடிதம் முதல் பக்கத்தில் வந்தது. அதற்கடுத்த வியாழன், மெற்றோ வாசலில் பத்திரிகை கொடுக்கும் பெண் அவளை மறித்தாள். ஒவ்வொரு கிழமையும் பத்திரிகையை வாங்கி மடிக்காமல் நின்ற நிலையிலேயே வாசிக்கிற அந்தக் கறுத்த சின்னப் பெண்தான் கடிதம் எழுதியவளாக இருக்கும் என்று அவள் ஊகித்திருந்தாள். அவள் பெயர் ஜினேத். தபால் கந்தோரில் கடிதம் பிரிப்பவள். அந்தப் பத்திரிகையின் ஆசிரியரும் அவளே.

"நீங்கள்தானே கையுறை?" என்று கேட்டாள்.

"நான்தான்," என்றாள் அல்போன்சம்மா.

"இன்னும் என்னென்ன பிழை விட்டிருக்கிறோம்?"

இரண்டு பேரும் மெற்றோ வாசலில் குளிருக்குள் ஒரு மணித்தியாலம் நின்றார்கள்.

அல்போன்சம்மா அதற்குப் பிறகு மாதம் ஒரு பத்தி எழுதினாள். பத்து வருடம் கழித்துக் கட்சியில் சேர்ந்தாள். செய்தி தமிழ்ப் பங்குத்தந்தையின் காதுக்கு எட்டி, பூசை முடிந்ததும் அவர் கூப்பிட்டு விசாரித்தார்.

"அல்போன்சம்மா, நீங்கள் கம்யூனிஸ்ட் எண்டு சனம் கதைக்குது. மெய்யே?"

"ஓம் சுவாமி. ஞாயிற்றுக்கிழமை காலமை இஞ்சை. பின்னேரம் அங்கை."

"ரெண்டும் எப்பிடி ஒத்துவரும்?"

"ரெண்டு இடத்திலயும் கதிரை அடுக்கிறது நான்தானே, சுவாமி. ஒத்துவருது."

பங்குத்தந்தை சிரித்துவிட்டார். மரியதாசனுக்குத்தான் அன்று முழுக்க வியர்த்தது.

2011இல் ஜினேத்துக்குக் கண்பார்வை குறையத் தொடங்கியபோது பத்திரிகைக்குப் புது ஆசிரியர் தேவைப்பட்டார். பதினொரு பேர் வாக்குப் போட்டார்கள். அல்போன்சம்மாவுக்குப் பத்து வாக்கு விழுந்தது. விழாதது அவளுடைய சொந்த வாக்கு. ஆசிரியராக அவள் கொண்டுவந்த சட்டம் ஒன்றே ஒன்று. சோவே நிலையத்தில் வாசிக்கத் தொடங்கும் பந்தி அடுத்த நிலையமான கிரெமாசியில் முடிந்துவிட வேண்டும். தத்துவப் பேராசிரியர் ஒருவர் தொண்ணூறு சொல் வசனங்களில் எழுதுவார். அவருடைய கட்டுரையைக் கையில் கொடுத்து, "மெற்றோவில் ஏறி வாசித்துப் பாருங்கள், முசியே" என்று அனுப்பினாள். மனிதர் மூன்று நிலையம் தாண்டிப்போய் இறங்கித் திரும்பி வந்து, வசனத்தை நாலாக வெட்டிக் கொடுத்தார்.

கூட்டம் சில வேளை அவர்களுடைய வீட்டில் நடக்கும். வரவேற்பறையில் மாதாவின் படத்துக்குக் கீழே இருந்துகொண்டு ஜினேத்தும் மற்றவர்களும் உலகத்தைத் திருத்துவார்கள். மரியதாசன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். ஆனால் அதற்கு முன் மீன் ரோல்ஸ் பொரித்து மேசையில் வைத்துவிடுவார். விருந்தாளிகள் யாராயிருந்தாலும் வெறும் வயிற்றோடு விடமுடியாது. ரோல்ஸை அவர் பொரிக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து தோழர்கள் கூட்டத்துக்கு நேரத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

பத்திரிகையைவிட அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது வேறொரு எழுத்து. அவர்கள் இருந்தது மூன்று பழைய வாடகைக் கட்டடங்கள் சேர்ந்து நிற்கும் ஒரு வளவில். ஹெயிட்டிக்காரர், அல்ஜீரியர், தமிழர் என்று நூற்றுக்கு மேல் குடும்பங்கள். சொந்தக்காரன் ஒரு கம்பனி; அதன் முகத்தை ஒருவரும் கண்டதில்லை. சுடுநீர்க் குழாய்கள் சனவரியில் குளிர்ந்துபோகும். குசினிக்குள் எலி ஓடும். வாடகை மட்டும் ஒழுங்காக ஏறும். யாருக்கு என்ன முறைப்பாடு என்றாலும் அல்போன்சம்மாவின் கதவைத் தட்டுவார்கள். அவள் குசினி மேசையில் இருந்து பிரெஞ்சில் கடிதம் எழுதிக் கொடுப்பாள். கெஞ்சும் சொல் ஒன்றும் இருக்காது, திட்டும் சொல் ஒன்றும் இருக்காது. "வெப்பமானி பன்னிரண்டு பாகை காட்டுகிறது. குழந்தைக்கு வயது ஏழு மாதம்." அவ்வளவுதான்.

ஆகவே 2022இல் கட்சி அவளை வேட்பாளராக நிற்கக் கேட்டபோது, வேட்புமனுவுக்குத் தேவையான நூறு கையெழுத்து எங்கே கிடைக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை வளவுக்குள்ளேயே வாங்கிவிடலாம் என்றாள். அன்று மழை. குடை பிடிக்க மட்டுமே வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு மரியதாசன் கூடப் போனார். மூன்றாம் மாடியில் ரோஸ்மேன் என்ற ஹெயிட்டிப் பெண் கதவைத் திறந்தாள். தாளைப் பார்க்காமலே கையெழுத்து வைத்தாள். வைத்துவிட்டு மரியதாசனின் கையைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று ஏதோ சொன்னாள். அவருக்கு 'கடிதம்', 'மகன்', 'மூச்சு' என்ற மூன்று சொற்கள் விளங்கின. அவளுடைய மகனுக்கு இழுப்பு வியாதி, சுவரில் பூஞ்சணம். அல்போன்சம்மாவின் கடிதத்துக்குப் பிறகுதான் சுவரை உடைத்துக் கட்டினார்கள். இதெல்லாம் நடந்தது எட்டு வருடத்துக்கு முன். அவர் வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலம்.

அன்று பின்னேரம் நூற்று முப்பத்தொரு கையெழுத்து சேர்ந்தது. குடை பிடித்த மரியதாசன் இரண்டாவது கட்டடத்திலேயே குடையை மடக்கிவிட்டுக் கதவு தட்டத் தொடங்கியிருந்தார். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்த மனுசனுக்குத்தான் அந்த மின்கம்பம்.

அல்போன்சம்மா சொன்னபடியே நடந்தது. படம் கட்டி இரண்டாம் நாள் யாரோ மீசை கீறிவிட்டார்கள். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட, நல்ல கைத்திறமையுள்ள மீசை. அடுத்த தெருவால் போய்வந்த மரியதாசனுக்கு இது பாடகர் குழுவில் ஒருவர் சொல்லித்தான் தெரியவந்தது. நேரே வீட்டுக்கு வந்தார். ஒரு மடிப்பு ஏணி, ஒரு வாளி, பாத்திரம் கழுவும் பஞ்சு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கடைக்கு முன்னால் போனார். ஏணியில் ஏறி மனைவியின் மேலுதட்டைத் தேய்க்கத் தொடங்கினார். முதுகு நோ அன்று அவருக்கு நினைவிலேயே இல்லை.

ரதீசன் கடை வாசலுக்கு வந்தான். அவன் யாழ்ப்பாணத்துக்காரன், நாற்பது வயது, நல்ல மனுசன்தான். ஆனால் தன் கண்ணாடிக் கதவில் படம் ஒட்ட அவன் சம்மதித்திருக்கவில்லை.

"என்னண்ணை, இந்த வயசில ஏணியில?"

"ஆரோ மீசை கீறிப்போட்டான்."

"விடுங்கோவன். நாளைக்கும் கீறுவாங்கள்."

"நாளைக்கும் துடைப்பன். என்ர மனுசிக்கு மீசை இல்லை. எல்லாரும் உள்ளதை உள்ளபடி பார்க்கட்டும்."

அந்த நேரம் பார்த்து அல்போன்சம்மா வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி வந்தாள். ஏணியையும் வாளியையும் புருசனையும் கண்டு ரோட்டின் நடுவில் ஒரு கணம் நின்றுவிட்டாள். பிறகு ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். ரதீசன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. உங்கட ஆக்கள் வந்தால் கடையளைப் பறிப்பினம் எண்டு சொல்லுகினம். அதுதான் நான் படம் ஒட்டேல்லை."

"உம்மட கடையைப் பறிச்சு நான் என்ன செய்யிறது, தம்பி? அந்த முருங்கைக்காயைப் பாரும். மூண்டு நாள் வாடல். கட்சிக்கு அது வேண்டாம்."

ஏணியில் நின்ற மரியதாசன் சிரித்த சிரிப்பில் வாளி தட்டுப்பட்டுக் கவிழ்ந்தது. ரதீசனும் சிரித்தான். அன்று பின்னேரம் முருங்கைக்காய்க் கூடையை எடுத்த இடத்தில், கண்ணாடிக்கு உள்பக்கமாக, மீசை கீற முடியாத இடத்தில், அல்போன்சம்மாவின் படம் ஒன்று வந்துவிட்டது.

தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கும்போது, அந்தத் தொகுதியின் வேட்பாளர்கள் எல்லாரையும் ஒரு பிரெஞ்சுத் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்துக்கு அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம், பிறகு கேள்விகள். இருநூறு பேர்வரை வந்திருந்தார்கள். மகள் கஜந்தி முன் வரிசையில் இருந்தாள். அவள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவள், மொன்ட்ரியாலில் பிறந்தவள், பிரெஞ்சில் கனவு காண்பவள். ஒரு கிழமையாகத் தாய்க்கு உச்சரிப்புத் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மரியதாசன், கலியாண வீட்டுக் கோட்டோடு.

அல்போன்சம்மாவின் முறை வந்தபோது அவள் கடதாசியைப் பார்க்காமல் பேசினாள். வளவைச் சொன்னாள். குழாய்களைச் சொன்னாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முடிவுக்கு வந்து குரலை உயர்த்தினாள். சொல்லவேண்டிய வசனம், 'வாடகையை உறைய வைக்க வேண்டும்' என்பது. வாடகையை ஏற்றாமல் அப்படியே நிறுத்துவதற்குப் பிரெஞ்சுக்காரர் அப்படித்தான் சொல்வார்கள். வாடகைக்கு அங்கே 'லுவாயே' என்று பெயர். வாடகைக்கு இருப்பவருக்கு 'லொகாத்தேர்'. அவசரத்தில் அல்போன்சம்மாவின் நாக்கு மாறிவிட்டது.

"வாடகைக்காரரை உறைய வைக்க வேண்டும்!" என்று மேசையில் அடித்துச் சொன்னாள்.

மண்டபத்தில் இருநூறு தலைகளும் நிமிர்ந்தன. பிறகு கூரை பறக்கிற சிரிப்பு. கஜந்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மேடையில் இருந்த இன்னொரு வேட்பாளர், அழகான கோட்டுப் போட்ட இளம் சட்டத்தரணி, ஒலிவாங்கிக்குக் குனிந்து, "இந்த விஷயத்தில் மட்டும் நான் மடாமோடு உடன்படவில்லை" என்றார். சிரிப்பு இன்னும் கூடியது. மரியதாசனுக்குத் தன் காது சூடாவது தெரிந்தது. எழுந்து போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட இருந்தது.

அல்போன்சம்மா முன் வரிசையில் இருந்த ஜினேத்தைப் பார்த்தாள். ஜினேத் உதட்டை அசைத்துச் சரியான சொல்லைக் காட்டினாள். என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவளும் சிரித்தாள். மேடையில் நின்றுகொண்டே, குசினியில் சிரித்த அதே மாதிரித் தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தாள்.

"மன்னிக்க வேண்டும். அதை எங்கள் கட்டடச் சொந்தக்காரர் ஒவ்வொரு சனவரியும் ஏற்கெனவே செய்துவருகிறார். அதற்கு ஒரு கட்சி தேவையில்லை. நான் மற்றதைக் கேட்கிறேன்."

கைதட்டல் எங்கே தொடங்கியது என்று மரியதாசனுக்குத் தெரியவில்லை. ரோஸ்மேன் எழுந்து நின்றாள். அவள் பின்னால் வளவுக்காரர் வரிசை வரிசையாக எழுந்தார்கள். அழகான கோட்டுப் போட்ட சட்டத்தரணியும் தட்டினார்; நல்ல பதில் என்றால் யாருக்கும் பிடிக்கும். கஜந்தி கையை முகத்திலிருந்து எடுத்துவிட்டு, "அப்பா, அம்மா வடிவாச் சொல்லிட்டா!" என்று தமிழிலேயே கத்தினாள். மரியதாசன் எப்போதோ எழுந்து நின்றிருந்தார். பாடகர் குழுவில் கனத்த குரல் என்று சொன்னேனே, அந்தக் குரலில் 'பிராவோ' என்று அவர் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அந்த வசனத்தை ஒரு வட்டாரப் பத்திரிகைக்காரன் எழுதினான். அடுத்த நாள் வானொலியில் சொல்லிச் சிரித்தார்கள். வேறு தொகுதியிலிருந்துகூட ஆட்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, தங்கள் வீட்டிலும் சொந்தக்காரர் இதே சேவையைச் செய்வதாகச் சொன்னார்கள்.

வாக்களிப்பு நாள் திங்கட்கிழமை. மரியதாசன் மறைப்புக்குள் போய் வெளியே வரக் கனநேரம் எடுத்தது.

"ஆருக்குப் போட்டனீங்கள்?" என்று கேட்டாள் அல்போன்சம்மா.

"அது ரகசியம். சட்டம் அப்பிடி."

"எனக்குப் போடாட்டியும் பரவாயில்லை."

"நான் ஒண்டும் சொல்லேல்லை. நடவும்."

அடுத்த நாள் விடிய அவளுக்கு ஐந்து மணி வேலை. ஆகவே முடிவைப் பார்க்காமல் படுத்துவிட்டாள். காலையில் மரியதாசன் அவளை டோர்வலுக்குக் காரில் கொண்டுபோய் விட்டார். வானொலி வென்றவர்களின் பெயரை மட்டுமே சொன்னது. கம்பனி வாசலில் காரை நிறுத்தியபோது, வேலைக்கு வந்த முப்பது பெண்கள் வெள்ளைத் தொப்பியும் கவுணும் போட்டபடி உள்ளே போகாமல் நின்றார்கள். ஒருத்தி கையில் கைத்தொலைபேசி இருந்தது.

"நானூற்றுப் பதினெட்டு!" என்று அவள் கத்தினாள்.

தொகுதியில் இருபதாயிரம் பேர்வரை வாக்குப் போட்டிருந்தார்கள். ஏழு வேட்பாளர்களில் அவள் ஆறாவது. யார் கணக்குப் பார்த்தாலும் அது தோல்விதான். ஆனால் வெள்ளைத் தொப்பிகள் அவளைச் சுற்றி நின்று துள்ளியதைப் பார்த்த காவல்காரர், யாருக்கோ அதிர்ஷ்டச் சீட்டு விழுந்துவிட்டது என்று நினைத்தாராம். அல்போன்சம்மா அந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

"நானூற்றுப் பதினெட்டுப் பேர், இஞ்சாருங்கோ. நூறு பேரைத்தான் எனக்குத் தெரியும். மிச்சம் முன்னூறும் ஆர்?"

மரியதாசன் கார் கண்ணாடியைத் துடைக்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சில நாள் கழித்து, வாக்குப் பெட்டி வாரியான முடிவுகள் வந்தன. ஜினேத் பூதக்கண்ணாடியால் வாசித்துப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவர்களுடைய வளவுக்குரிய பெட்டியில் அல்போன்சம்மா முதலாவது. எண்பத்தாறு வாக்கு. அழகான கோட்டுக்கு நாற்பத்தொன்று. அந்தச் சனிக்கிழமை வளவின் உடுப்புத் தோய்க்கும் அறையில் கொண்டாட்டம் நடந்தது. ரோஸ்மேன் பூசணிக்காய் சூப் கொண்டுவந்தாள், அல்ஜீரியர் கூஸ்கூஸ் கொண்டுவந்தார்கள். ரதீசன் ஒரு பெட்டி மாம்பழம் அனுப்பியிருந்தான், வாடாதது. மரியதாசன் தோய்க்கும் இயந்திரத்தில் தாளம் போட்டுப் பாடினார். பாட்டு மாதாவைப் பற்றியது. தத்துவப் பேராசிரியர் சொல் விளங்காமல் கூடச் சேர்ந்து பாடினார்.

நவம்பரில் அதைவிடப் பெரிய விஷயம் நடந்தது. ஒரு காலையில் வளவுக்கு இரண்டு லொறி வந்தது. வானொலியில் தன்னைப் பற்றிச் சனம் சிரித்ததை முகம் தெரியாத கம்பனியும் கேட்டிருக்க வேண்டும். கொதிகலனை மாற்றினார்கள். சனவரியில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு. அல்போன்சம்மா வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். இருபத்தொரு பாகை. ரோஸ்மேனின் வீட்டில் இருபத்திரண்டு. ரோஸ்மேன் யன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்திருந்தாள், வேண்டுமென்றே.

அந்த வருடமே ஒரு சின்னப் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த ஒரு வசனத்தைச் சொன்னவர் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று தேடி, பழைய 'லே தூ மேன்' இதழ்களை நூலகத்தில் இருந்து வாசித்திருக்கிறார்கள். இருபத்தெட்டு வருடப் பத்திகளில் நாற்பதைத் தெரிந்தெடுத்துப் புத்தகமாகப் போட விருப்பம் என்றார்கள். அல்போன்சம்மா ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்: முதல் கடிதத்தில் விட்ட இலக்கணப் பிழைகளைத் திருத்தக்கூடாது. மரியதாசன் அந்தக் குளிர்காலம் முழுவதும் கஜந்தியை இருத்தி வைத்து, ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். சில இடங்களில், "இது எப்ப நடந்தது? என்னட்டைச் சொல்லேல்லையே" என்பார். "நீங்கள் அப்ப அறைக்குள்ள இருந்திருப்பீங்கள், அப்பா," என்பாள் கஜந்தி.

வெளியீடு 2024 வசந்தத்தில், வட்டார நூலகத்தில் நடந்தது. அல்போன்சம்மா வேலையிலிருந்து ஓய்வெடுத்து ஒரு மாதம். ஜினேத் இரண்டு பக்கம் வருகிற அளவுக்குப் பேசினாள், ஒரு தாளையும் பார்க்காமல், பார்க்கவும் முடியாது. பங்குத்தந்தை வந்திருந்தார். வெள்ளைத் தொப்பிப் பெண்கள் தொப்பியில்லாமல் வந்திருந்ததால் பாதிப்பேரை மரியதாசனுக்கு அடையாளம் தெரியவில்லை. பேச்செல்லாம் முடிந்து, அவள் மேசையில் இருந்து கையெழுத்துப் போடத் தொடங்கியபோது வரிசை கதவுவரை நீண்டது.

மரியதாசனும் ஒரு புத்தகம் வாங்கினார். கஜந்தி, "வீட்டை பெட்டி பெட்டியாக் கிடக்கு, அப்பா," என்றாள். அவர் கேட்கவில்லை. கலியாண வீட்டுக் கோட்டோடு வரிசையின் கடைசியில் போய் நின்றார். இருபது நிமிடம் நின்றார்.

மேசைக்கு வந்தபோது அல்போன்சம்மா தலையை நிமிர்த்தாமல், பழக்கத்தில், பிரெஞ்சில் கேட்டாள்.

"பெயர் என்ன, முசியே?"

"மரியதாசன்."

பேனா நின்றது. அவள் நிமிரவில்லை. உதட்டோரம் மட்டும் அசைந்தது.

"எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள், முசியே."

அவர் ஒவ்வொரு எழுத்தாகப் பிரெஞ்சு உச்சரிப்பில் சொன்னார். முப்பத்திரண்டு கிலோப் பெட்டி தூக்கும்போதுகூட அவ்வளவு கவனமாக இருந்திருக்க மாட்டார். கிட்ட நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவள் எழுதினாள், மூடினாள், இரண்டு கையாலும் கொடுத்தாள்.

ஓரமாகப் போய்ப் புத்தகத்தைத் திறந்தார். கஜந்தியைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. இருநூறு பக்கப் பிரெஞ்சுப் புத்தகத்தில் அது தமிழில் இருந்தது.

"மரியதாசனுக்கு. மிச்சத்தை வீட்டை வந்து சொல்லுறன்."

இரண்டு தரம் வாசித்தார். புத்தகத்தைக் கோட்டுக்கு உள்ளே, நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு, சனம் பசியோடு நிற்குமே என்று, ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.